‘பார்’ என்றால் ஸீயா, லுக்கா, வாட்ச்சா?

ஜன்னல் பக்கம் பார்த்தேன். வெளியே ஒரு குருவியைப் பார்த்தேன். அது கூடு கட்டுவதைப் பத்து நிமிடம் பார்த்தேன்.

தமிழில் மூன்று வாக்கியத்துக்கும் ஒரே வினைச்சொல் போதுமானதாக இருக்கிறது. இதையே ஆங்கிலத்தில் சொல்லப் போனால் முதலாவதற்கு லுக், இரண்டாவதற்கு ஸீ, மூன்றாவதற்கு வாட்ச். அகராதியைத் திறந்தால் மூன்றுக்கும் ‘பார்’ என்றுதான் முதல் பொருள் போட்டிருக்கும். அதனால் பலர் வாயில் எது முதலில் வருகிறதோ அதைச் சொல்லிவிடுகிறார்கள். கேட்பவருக்கு விஷயம் எப்படியும் புரிந்துவிடும், ஆனால் நெற்றி ஒரு நொடி சுருங்கும். சில இடங்களில் பொருளே மாறிவிடும்.

ஆங்கிலம் பேசவும் எழுதவும் புதிதாகத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஸீ என்பதை மட்டும் ‘சீ’ என்று எழுதவில்லை. காரணம் உங்களுக்கே தெரியும்.

முதல் படி: தமிழிலேயே ஒரு சோதனை

இந்த வேறுபாடு தமிழனுக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: “இருட்டில் உற்றுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.” கண்ணைக் கொண்டுபோனது நான். காட்சி வந்து சேரவில்லை. ஆங்கிலத்திலும் அப்படியேதான்: “ஐ லுக்ட், பட் ஐ குட்ன்ட் ஸீ எனிதிங்.” பார்த்தேன் என்பது லுக், தெரிந்தது என்பது ஸீ.

ஆகவே ஆங்கிலத்துக்குத் தாவும் முன் தமிழ் வாக்கியத்தில் ‘பார்த்தேன்’ இருக்கும் இடத்தில் வேறொன்றை வைத்துப் பாருங்கள். ‘கண்ணில் பட்டது’ அல்லது ‘தெரிந்தது’ என்று மாற்றினாலும் பொருள் கெடவில்லை என்றால் ஸீ. ‘கண்ணைத் திருப்பினேன்’ என்பது பொருந்தினால் லுக். ‘பார்த்துக்கொண்டே இருந்தேன்’ என்று நீட்ட முடிந்தால் பெரும்பாலும் வாட்ச். குருவி கண்ணில் பட்டது, ஜன்னல் பக்கம் கண்ணைத் திருப்பினேன், கூடு கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேலே சொன்ன மூன்றும் இதில் அடங்கிவிட்டன.

காதுக்கும் இதே கதைதான். ‘சத்தம் கேட்டது’ என்றால் ஹியர், ‘கவனித்துக் கேட்டேன்’ என்றால் லிஸன். அதை இன்னொரு நாள் பார்க்கலாம்.

இரண்டாம் படி: ஸீ

ஸீ – ஸா – ஸீன். மூன்று வடிவங்களும் வெவ்வேறாக இருப்பதால் முதலில் இதை மனப்பாடம் செய்துவிடுவது நல்லது. நேற்று, போன வாரம், காலையில் என்று காலம் குறிப்பிட்டால் ஸா மட்டுமே: “ஐ ஸா ஹிம் யெஸ்டர்டே.” நம்மில் நிறையப் பேர் இதை “ஐ ஹாவ் ஸீன் ஹிம் யெஸ்டர்டே” என்கிறோம், அது தவறு. எப்போது என்று சொல்லாமல், பார்த்திருக்கிறேனா இல்லையா என்பது மட்டும் முக்கியம் என்றால்தான் ஹாவ் ஸீன். “ஹாவ் யூ ஸீன் மை கீஸ்?” என்று கேட்கும்போது நாளும் நேரமும் யாருக்கும் தேவையில்லை, சாவி கிடைத்தால் போதும்.

அடுத்து, ஸீயிங். நமக்கு ‘பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்று சொல்லிப் பழக்கம் என்பதால் “ஐ ஆம் ஸீயிங் எ பேர்ட்” என்று வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லும்போது இந்த -இங் வடிவம் வராது. “ஐ கேன் ஸீ எ பேர்ட்” என்பார்கள். இதற்கும் நம் சோதனை உதவும். ‘மலை தெரிகிறது’ என்போமே தவிர, ‘மலை தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று சாதாரணமாகச் சொல்ல மாட்டோம் அல்லவா? இன்றைக்கு இது அதிகம் தேவைப்படும் இடம் வீடியோ கால். “ஐ ஆம் நாட் ஸீயிங் யுவர் ஸ்க்ரீன்” வேண்டாம். “ஐ கான்ட் ஸீ யுவர் ஸ்க்ரீன்” என்று சொல்லுங்கள்.

அப்படியானால் ஸீயிங் என்பதே தவறா? இல்லை. ஸீ என்பதற்குச் ‘சந்திப்பது’ என்ற பொருளும் உண்டு. அந்தப் பொருளில் தாராளமாக வரும். “ஐ ஆம் ஸீயிங் த டாக்டர் டுமாரோ” என்றால் நாளைக்கு டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று அர்த்தம். ஆனால் டாக்டர், வக்கீல் என்று தொழிலைச் சொல்லாமல், எதற்காகச் சந்திக்கிறோம் என்பதும் தெரியாமல், வெறுமனே ஓர் ஆளைக் குறித்து “ஐ ஆம் ஸீயிங் ஹர்” என்றால் ‘அவளைக் காதலித்துப் பழகிக்கொண்டிருக்கிறேன்’ என்று ஆகிவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பக்கத்துப் பிரிவில் இருந்த ஒரு பெண்ணைத் தெரியுமா என்று யாரோ கேட்டபோது, ‘தினமும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்’ என்ற நினைப்பில் இதே வாக்கியத்தைச் சொல்லி வைத்தேன். சாயங்காலத்துக்குள் நான்கு பேர் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். எதற்கென்று எனக்கு மறுநாள்தான் விளங்கியது. “ஐ ஸீ ஹர் எவ்ரி டே” என்று சொல்லியிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை.

சந்திப்பு என்றதும் மீட் ஞாபகத்துக்கு வரும். ஒருவரை முதல் முறை அறிமுகமாகும்போது “நைஸ் டு மீட் யூ”. அதே ஆளை அடுத்த மாதம் பார்த்தால் “நைஸ் டு ஸீ யூ”. பழகியவரிடம் போய் நைஸ் டு மீட் யூ என்றால், ‘இவர் நம்மை மறந்துவிட்டார்’ என்று நினைத்துக்கொள்வார்.

“ஐ ஸீ” என்று மட்டும் சொன்னால் ‘ஓ, அப்படியா, புரிகிறது’ என்று பொருள். இதில் குரல்தான் எல்லாம். இழுத்துச் சொன்னால் சந்தேகப்படுகிற மாதிரி இருக்கும். “வி வில் ஸீ” என்பது நம் ‘பார்க்கலாம்’ போலவே உறுதி ஏதும் தராத பதில், சில சமயம் நாசூக்கான மறுப்பு. விடைபெறும்போது சொல்கிற ‘அப்புறம் பார்க்கலாம்’ என்பது வேறு. அதற்கு “ஸீ யூ லேட்டர்”.

மூன்றாம் படி: லுக்

லுக் – லுக்ட் – லுக்ட். கடைசியில் ‘ட்’ மட்டும் ஒலிக்கும். ‘லுக்கெட்’ என்று நீட்ட வேண்டாம்.

தமிழ்ப் பேச்சில் ‘லுக்கு விடுகிறான்’ என்ற பிரயோகம் இருக்கிறதே, அது இந்தச் சொல்லின் உயிரை அப்படியே பிடித்திருக்கிறது. கண்ணை ஒரு திசைக்கு அனுப்புவதுதான் லுக். எதன் மேல் அனுப்புகிறோம் என்று சொல்ல வேண்டுமானால் நடுவில் ‘அட்’ கட்டாயம். “லுக் த பிக்சர்” தவறு, “லுக் அட் த பிக்சர்” சரி. எதையும் குறிப்பிடாதபோது, ‘இங்கே பார்!’ என்று கூப்பிடுவது போன்ற இடங்களில், “லுக்!” தனியாக நிற்கும். ஸீக்கும் வாட்ச்சுக்கும் இந்த அட் வராது.

லுக்குக்கு இன்னொரு வேலையும் உண்டு. நாம் பார்ப்பதற்கு எப்படித் தெரிகிறோம் என்பதையும் இதுவே சொல்லும். “யூ லுக் டயர்ட்” என்றால் ‘நீங்கள் களைப்பாகத் தெரிகிறீர்கள்’. தமிழில் ‘களைப்பாக’, ‘அழகாக’ என்று ‘ஆக’ சேர்ப்பதால், ஆங்கிலத்திலும் அதற்கு ஈடாக -லி சேர்த்து “ஷீ லுக்ஸ் பியூட்டிஃபுல்லி” என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். பியூட்டிஃபுல் மட்டும் போதும். பெயர்ச்சொல்லோடு ஒப்பிட்டால் லைக் சேரும்: “ஹி லுக்ஸ் லைக் ஹிஸ் ஃபாதர்”, அப்பா ஜாடை.

இனி இந்தச் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் சின்னச் சொற்கள். புதியவர்களுக்கு நிஜமான தலைவலி இங்கேதான். பத்துப் பதினைந்து இருந்தாலும் தினசரிப் பேச்சுக்கு ஐந்தாறு போதும் என்பது என் கணக்கு.

லுக் ஃபார் என்றால் தேடுவது. ‘சாவியைத் தேடுகிறேன்’ என்பதற்கு “ஐ ஆம் லுக்கிங் ஃபார் மை கீஸ்”. இங்கே ஸர்ச் என்ற சொல்லைப் போட்டு “ஐ ஆம் ஸர்ச்சிங் மை கீஸ்” என்பது நம்மிடையே மிகப் பரவலான தவறு. ஸர்ச்சுக்குப் பின்னால் ஃபார் இல்லாமல் வருவது தேடும் பொருள் அல்ல, தேடும் இடம். பையை ஸர்ச் செய்யலாம். சாவியை ஸர்ச் செய்தால், சாவிக்குள்ளே எதையோ துழாவுவதாக ஆகும்.

லுக் ஆஃப்டர் என்பது நம் ‘பார்த்துக்கொள்’. குழந்தை, வயதானவர், வீடு எதற்கும் பொருந்தும். லுக் இன்டு என்பது ஒரு விஷயத்தை விசாரித்து அறிவது. அலுவலகத்தில் யாராவது ஒரு புகாரோடு வரும்போது ‘சரி, நான் பார்க்கிறேன்’ என்போமே, அதற்குப் பதில் “ஐ வில் ஸீ” என்றால் தட்டிக்கழிப்பது போல ஒலிக்கும். “ஐ வில் லுக் இன்டு இட்” என்றால் விசாரிக்கப் போகிறீர்கள் என்று புரியும். ‘கவலைப்படாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று முழுப் பொறுப்பையும் ஏற்பதாக இருந்தால் “ஐ வில் டேக் கேர் ஆஃப் இட்”. லுக் அப் என்பதற்கு அண்ணாந்து பார்ப்பது, அகராதியிலோ பட்டியலிலோ தேடிப் பார்ப்பது என்று இரண்டு பொருள். அதிலேயே டு சேர்த்து லுக் அப் டு என்றால் ஒருவரை மதித்து உயர்வாக நினைப்பது. லுக் டவுன் ஆன் என்றால் ஏளனமாக நினைப்பது.

மடல்களின் கடைசியில் வரும் “லுக் ஃபார்வர்ட் டு” பற்றி ஒன்று. ஆவலோடு எதிர்பார்க்கிறேன் என்று பொருள். டு-வுக்கு அடுத்து வினை வந்தால் -இங் சேர்க்க வேண்டும்: “ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ.” டு மீட் யூ என்று எழுதத்தான் கை போகும், ஏனென்றால் மற்ற இடங்களில் டு-வுக்குப் பின் வினையை மொட்டையாகத்தானே படித்தோம். நானும் பல வருடம் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன், ஒருவரும் திருத்தவில்லை.

நான்காம் படி: வாட்ச்

வாட்ச்மேனை நினைத்துக்கொண்டால் போதும். அவர் கண்ணை ஒருமுறை திருப்பிவிட்டுப் போகிறவரல்லர், விடிய விடியக் கவனித்துக்கொண்டிருப்பவர். வாட்ச் என்ற சொல்லும், விழித்திருப்பதைக் குறிக்கும் வேக் என்ற சொல்லும் ஆங்கிலத்தில் ஒரே வேரிலிருந்து வந்தவை.

நகர்வதையும் மாறுவதையும் சற்று நேரம் தொடர்ந்து பார்ப்பது வாட்ச். டிவி, மேட்ச், குழந்தைகளின் விளையாட்டு, அடுப்பில் பொங்கிவரும் பால். சுவரில் மாட்டிய ஓவியத்தை வாட்ச் செய்ய முடியாது. அதை எவ்வளவு நேரம் ரசித்தாலும் லுக் அட்தான். வாட்ச் என்று சொன்னால், அந்த ஓவியம் அசையுமென்று காத்திருப்பது போல இருக்கும். சிலையை வாட்ச் செய்பவன் காவலாளி அல்லது திருடன்.

சினிமா மட்டும் இரண்டு பக்கமும் போகும். தியேட்டருக்குப் போய்ப் பார்த்ததை “வி ஸா எ மூவி” என்பதுண்டு, வீட்டில் பார்த்தால் வாட்ச். இதற்காக ரொம்ப மண்டையைக் குடைய வேண்டாம். வாட்ச் எங்கேயும் பழுதில்லை. டிவிக்கு மட்டும் “ஸீ டிவி”, “லுக் டிவி” இரண்டுமே கூடாது.

பயணத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் ‘கொஞ்சம் இந்தப் பையைப் பார்த்துக்கொள்ளுங்கள், வந்துவிடுகிறேன்’ என்று சொல்ல “குட் யூ வாட்ச் மை பேக்?” போதும். வழுக்கும் இடத்தில் ‘பார்த்து நட’ என்பதற்கு “வாட்ச் யுவர் ஸ்டெப்”. ஏதோ வந்து மோதப்போகிறது, நேரமில்லை என்றால் “வாட்ச் அவுட்!”

ஒரு நுணுக்கம், இதை இப்போதைக்குத் தாண்டிவிட்டுப் பிறகு வந்தும் படிக்கலாம். ‘அவர் சாலையைக் கடந்ததைப் பார்த்தேன்’, ‘கடந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன்’ என்று நாம் பிரிப்பதை ஆங்கிலமும் பிரிக்கிறது. “ஐ ஸா ஹிம் க்ராஸ் த ரோட்” என்றால் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை முழுவதும் பார்த்தாயிற்று. “ஐ ஸா ஹிம் க்ராஸிங் த ரோட்” என்றால் நடுவழியில் கண்ணில் பட்டார், மறுபக்கம் போய்ச் சேர்ந்தாரா என்பது இந்த வாக்கியத்துக்குத் தெரியாது.

ஐந்தாம் படி: கண்ணுக்கு வேலையில்லாத ‘பார்’

தமிழர் எளிதில் விழும் பொறி இது. நாம் ‘பார்’ என்பதை எந்த வினையோடும் ஒட்டவைத்துவிடுவோம். செய்து பார், கேட்டுப் பார், யோசித்துப் பார், தொட்டுப் பார். இங்கே பார்வை எதுவும் இல்லை, முயற்சி மட்டும்தான். ‘செய்து பார்க்கிறேன்’ என்பதை “ஐ வில் டூ அண்ட் ஸீ” என்று சொன்னால், செய்து முடித்துவிட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது போல ஆகிவிடும். “ஐ வில் ட்ரை” என்றால் சரி. ‘போன் பண்ணிப் பார்’ என்பதற்கு “ட்ரை காலிங் ஹிம்”. ‘யோசித்துப் பார்’ என்பதற்கு “திங்க் அபவுட் இட்”. ‘ருசித்துப் பார்’ என்பதற்கு “டேஸ்ட் இட்” என்றாலே போதும்.

‘வேலை பார்க்கிறேன்’ என்பதில் பார்வை இல்லை, ஒர்க்தான். ‘மணி பார்’, ‘சரி பார்’ இரண்டுக்கும் செக். அப்புறம் ‘காணோம்’. ‘பேனாவைக் காணோம்’ என்பதை “ஐ கான்ட் ஸீ மை பென்” என்றால், கேட்பவர் உங்கள் கண்ணாடியைப் பற்றிக் கவலைப்படுவார். “ஐ கான்ட் ஃபைண்ட் மை பென்” என்று சொல்ல வேண்டும்.

ஆறாம் படி: கொஞ்சம் சொல்வளம்

மேலே உள்ளவை கைவந்த பிறகுதான் இது. அதற்கு முன் இந்தச் சொற்களைச் சேர்க்கப் போனால் குழப்பம்தான் மிஞ்சும்.

தமிழ் ‘பார்’ என்பதை அப்படியே வைத்துக்கொண்டு முன்னால் ஒரு சொல்லைச் சேர்க்கிறது: முறைத்துப் பார், வெறித்துப் பார், எட்டிப் பார், மெய்மறந்து பார். ஆங்கிலம் இவற்றில் பலவற்றுக்குத் தனித்தனி வினையே வைத்திருக்கிறது. முறைப்பது க்ளேர். கண்ணெடுக்காமல் வெறிப்பது ஸ்டேர், முன்பின் தெரியாதவரை ஸ்டேர் செய்வது மரியாதைக் குறைவு. மெய்மறந்து பார்ப்பது கெய்ஸ், வானத்துக்கும் கடலுக்கும் காதலிக்கும் உரியது. ஒரு கணம் பார்வையை ஓட்டுவது க்ளான்ஸ். மறைந்திருந்தோ திறக்கக் கூடாததைத் திறந்தோ பார்ப்பது பீக். இவை ஐந்தும் லுக்கின் குடும்பம், அதனால் பார்க்கப்படும் பொருளுக்கு முன் எல்லாவற்றுக்கும் அட் வரும்.

ஸீயின் பக்கம் நோட்டீஸ், ஸ்பாட், விட்னஸ் மூன்றும் போதும். கவனத்தில் படுவது நோட்டீஸ். “ஐ டிட்ன்ட் நோட்டீஸ்” என்றால் கண்முன் இருந்தும் கவனிக்கவில்லை என்று பொருள். கூட்டத்திலோ குவியலிலோ இருந்து கண்டுபிடிப்பது ஸ்பாட், பிழையையும் ஸ்பாட் செய்யலாம். விபத்தையோ குற்றத்தையோ நேரில் கண்டது விட்னஸ், சாட்சி என்ற பொருளிலும் இதே சொல்தான். வாட்ச்சின் பக்கம் அப்ஸர்வ் ஒன்று, ஆய்வுக்கூடத்தில் கவனிக்கிற மாதிரி நிதானமாக. பேச்சில் இதை அடிக்கடி போட்டால் அறிக்கை வாசிப்பது போலிருக்கும்.

கடைசியாக, பயிற்சி

இன்றைக்கு நீங்கள் தமிழில் சொன்ன ‘பார்’ வாக்கியங்களை இரவில் நினைவுக்குக் கொண்டுவந்து நான்கைந்தை மட்டும் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். புத்தகத்தில் வரும் வாக்கியங்களைவிட உங்கள் வாயில் வந்தவை சீக்கிரம் பதியும். தொடங்கிவைக்க என் பங்குக்குச் சில.

‘இந்த போட்டோவைப் பார்.’ கண்ணைத் திருப்பச் சொல்கிறோம்: “லுக் அட் திஸ் போட்டோ.”

‘பனிமூட்டத்தில் எதிரே வந்த வண்டியைப் பார்க்கவில்லை.’ கண்ணில் படவில்லை: “ஐ டிட்ன்ட் ஸீ த கார்.”

‘மழை பெய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.’ “வி ஸாட் அண்ட் வாட்ச்ட் த ரெயின்.”

‘இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்.’ “ட்ரை காலிங் அகெய்ன்.”

‘அவர் என்னைப் பார்த்தார், ஆனால் பார்க்காத மாதிரி போய்விட்டார்.’ இது கொஞ்சம் வம்பானது. விடை: “ஹி ஸா மீ, பட் ஹி ப்ரிடெண்டட் நாட் டு.” நான் அவர் கண்ணில் பட்டுவிட்டேன், அவ்வளவுதான். “ஹி லுக்ட் அட் மீ” என்று போட்டால் நேராக முகத்தைத் திருப்பிப் பார்த்ததாகிவிடும். அப்புறம் பார்க்காத மாதிரி எப்படிப் போக முடியும்?